வாரம் ஒருநாள் ஒரு சின்னப் பையனுக்குத் துணையாக இருக்க நினைக்கிறேன் – முறையாக எப்படிச் செய்வது? (பாலக்கோடு பக்கம்)

ஓசூர்_பி_ஷிப்ட்:

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஊர் பாலக்கோடு பக்கம், ஞாயிறு லீவுக்கு வந்துவிடுவேன். ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாவது படிக்கிற ஒரு பையனோடு வாரம் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, ஆயாதான் (பாட்டி) பார்த்துக்கொள்கிறார். பையன் துறுதுறு. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வாயை மூடிக்கொள்கிறான்.

நான் டிப்ளமோ, பாடம் நடத்திப் பழக்கமில்லை. யாரிடம் என்ன அனுமதி வாங்கணும்? அந்த ஒரு மணி நேரம் ட்யூஷனா, விளையாட்டா? வாரம் ஒருநாள் போதுமா? துணி, பை, சைக்கிள் மாதிரி ஏதாவது வாங்கித் தரலாமா? இல்லம் தேடிக் கல்வி மாதிரி ஏதாவது திட்டத்தில் பதிந்தால்தான் செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வேறு கணக்கு. அதில் ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் வரை, மாலை 5 முதல் 7 மணிக்குள் வகுப்பு, மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்திருந்தார்கள். நீங்கள் செய்யப்போவது ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர். இதற்குத் திட்டப் பதிவு வேண்டாம், ஆனால் அனுமதி எழுத்தில் இருக்கணும். தலைமை ஆசிரியர் வாயால் சொன்னது இன்றைக்குச் சரி. அவர் மாறுதலாகிப் போனால் புதிதாக வருபவர் உங்களை "யார் நீங்க?" என்றுதான் கேட்பார்.

செய்ய வேண்டியது: வெள்ளைத்தாளில் ஒரு பக்கக் கடிதம். உங்கள் பெயர், வேலை, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எந்த மாதம் வரை. கூடவே ஆதார் நகல். தலைமை ஆசிரியர் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றட்டும். குழுத் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான் என்பதால் ஊருக்கும் விஷயம் தெரிந்துவிடும், பின்னால் பேச்சு கிளம்பாது. அந்த ஆயாவிடம் நேரில் போய்க் கேளுங்கள், கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். பெங்களூரில் இருக்கிற அப்பாவிடமோ அம்மாவிடமோ ஆயா முன்னிலையில் ஒருமுறை போனில் பேசுங்கள். இந்த ஒரு போனை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மூன்று மாதம் கழித்து அப்பா ஊருக்கு வந்து "என் பையனை எவன் கூட்டிட்டுப் போறான்?" என்று கேட்கும்போது மொத்தமும் நின்றுபோகும். காவல்துறையின் தனிநபர் சரிபார்ப்புச் சான்று இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். கம்பெனியில் சேரும்போதே எடுத்திருப்பீர்கள். இல்லையென்றால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

நேரம்: உங்களுக்கு சனி இரவு சி ஷிப்ட் வருமா? வந்தால் ஞாயிறு காலை 6 மணிக்கு விட்டு, பஸ் பிடித்து, தூங்காமல் வந்து 10 மணிக்கு உட்காருவீர்கள். இரண்டாவது வாரமே கொட்டாவிதான். அதனால் எந்த ஷிப்ட் வந்தாலும் மாறாத நேரமாக ஞாயிறு மாலை 4 மணி வையுங்கள். பையனுக்கும் அதுதான் வசதி. காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போவான், டிவி இருக்கும். இன்னொன்று, காலை உணவுத் திட்டம் பள்ளி நாளில் மட்டும்தான். ஞாயிறு காலை சில வீடுகளில் பிள்ளைகள் வெறும் வயிறாகவே இருப்பார்கள். 4 மணிக்குச் சாப்பிட்டிருப்பான்.

இடம்: பள்ளித் தாழ்வாரம் முதல் தேர்வு. ஞாயிறு கேட் பூட்டியிருந்தால் ஊராட்சி நூலகம் அல்லது இ-சேவை மையத் திண்ணை. கோயில் மண்டபம் வேண்டாம். நம் பக்கத்தில் எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பது இன்னும் கணக்குப் பார்க்கிற விஷயம், அது உங்களுக்கும் தெரியும். ஊர்த்தெரு ஆள் காலனிப் பையனை எங்கே உட்கார வைக்கிறார், காலனி ஆள் ஊர்த்தெருவில் எங்கே உட்காருகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடம் எல்லாருக்கும் பொது.

வாரம் ஒருநாள் போதுமா என்றால் போதும், அந்த ஒருநாள் தவறாமல் வந்தால். வாரம் மூன்று நாள் என்று தொடங்கிப் பொங்கலோடு காணாமல் போவதைவிட ஜூன் முதல் ஏப்ரல் வரை ஞாயிறு மட்டும் வருவது எத்தனையோ மேல். அமெரிக்காவில் 1904-லிருந்து நடக்கும் "பெரிய அண்ணன், பெரிய அக்கா" ஏற்பாட்டை ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள். ஒரு வருடம் தாண்டிய இணைகளில் பிள்ளைக்கு நல்ல மாற்றம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இணைகளில் பிள்ளை தன்னைப் பற்றி முன்பைவிடக் குறைவாக நினைக்கத் தொடங்குகிறது. ஏற்கெனவே அப்பா அம்மா "அடுத்த மாசம் வர்றோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிற பையன் இவன். வர முடியாத வாரம் சனிக்கிழமையே ஆயா போனுக்குப் பேசி, பையனிடம் நீங்களே சொல்லுங்கள். ஆடிப்பெருக்கு, மாரியம்மன் பண்டிகை, எருது விடும் விழா வருகிற வாரங்களில் அவன் வர மாட்டான். அதை முன்கூட்டியே பேசி அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், முகத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம்.

மாங்கா_மண்டி:

எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? பாலக்கோட்டில் நல்ல ட்யூஷன் சென்டர் இருக்கு, மாசம் பணம் கட்டிச் சேர்த்துவிடுங்க. ஒரு டேப் வாங்கிக் கொடுத்தா யூட்யூப்ல பார்த்தே படிச்சுக்குவான். அப்பப்ப ஒகேனக்கல் கூட்டிட்டுப் போய் ஒரு பரிசல், ஒரு மீன் வறுவல், பையன் உங்களை மறக்கவே மாட்டான்.

கரும்பலகை:

மாங்கா மண்டி சார், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பாடம் நடத்துகிற ட்யூஷனில் சேர்த்தால் வகுப்பில் உட்கார்ந்த மாதிரியே அங்கேயும் கடைசி வரிசையில் உட்காருவான். டேப் இரண்டாவது நாளே சித்தப்பா கைக்குப் போகும், இல்லையென்றால் கேம். ஒகேனக்கல் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? பைக்கில் ஏற்றி ஊர் எல்லையைத் தாண்டுவதே கூடாது.

புளியங்கொட்டை:

ட்யூஷனா விளையாட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். பாடம் நடத்தாதீர்கள், வீட்டுப்பாடத்தைத் தொடவே தொடாதீர்கள். வீட்டுப்பாடத்தில் கை வைத்தால் அந்த ஒரு மணி நேரமும் அதற்கே போய்விடும், பையனும் உங்களை இன்னொரு சார் கணக்கில் சேர்த்துவிடுவான்.

முதல் இரண்டு வாரம் புத்தகமே வேண்டாம். அவன் எதில் கெட்டி என்று பாருங்கள். "அப்பா என்ன பண்றார்?" என்று ஆரம்பிக்காதீர்கள், பல பிள்ளைகளுக்கு அது தர்மசங்கடமான கேள்வி. ஆட்டுக்குட்டிக்கு என்ன பேர், தக்காளி நாற்று எப்படி நடுவாங்க, கில்லி எத்தனை அடி போகும், இப்படிக் கேளுங்கள்.

மூன்றாவது வாரம் அவன் எந்தப் படியில் இருக்கிறான் என்று பாருங்கள், பத்து நிமிட வேலை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசெர் என்கிற வாசிப்புச் சோதனைத் தாள் தமிழில் இலவசமாகக் கிடைக்கும். முறை இதுதான்: முதலில் முதல் வகுப்பு அளவிலான நாலு வரிப் பத்தியைக் கொடுங்கள். மூன்று தப்புக்குள் சரளமாகப் படித்தால் இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. பத்தியிலேயே திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள், அவனே ஐந்தைத் தேர்ந்து படிக்கட்டும், நாலு சரியென்றால் சொல் படி. அதுவும் இல்லையென்றால் எழுத்து, அங்கேயும் ஐந்துக்கு நாலு. கூட யாரையும் நிற்க விடாதீர்கள். ஆயா பக்கத்தில் நின்று "நேத்து நல்லா படிச்சானே" என்றால் பையன் வாயே திறக்க மாட்டான். பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சி நூலில் அவன் எந்த நிலை, அரும்பா, மொட்டா, மலரா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் உங்கள் கண் முன்னால் படித்ததையே நம்புங்கள்.

மூன்றாம் வகுப்பில் திணறுகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அ முதல் ஔ வரையும் க முதல் ன வரையும் தெரியும். உயிர்மெய்யில்தான் விழுவார்கள். அதிலும் இரண்டு இடம்.

ஒன்று, கொம்பு. "கொடி" என்று எழுதிக் கொடுங்கள். "கெ... கா... டி" என்பான். கொம்பு முன்னால் நிற்கிறது, கண் அதைத்தான் முதலில் பார்க்கிறது, பிறகு க, பிறகு கால். மூன்றும் சேர்ந்து ஒரே ஓசை என்று அவனுக்கு யாரும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய காலண்டர் அட்டையை வெட்டி நடுவில் "க", தனித்தனித் துண்டுகளில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் என்று எழுதி அவனையே வைத்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கொம்பை வைத்தால் கெ. கால் சேர்த்தால் கொ. காலை எடுத்துவிட்டால் மறுபடி கெ. ஒருநாளைக்கு ஒரே மெய்யெழுத்து. பிறகு குறில் நெடில் ஜோடி: பெட்டி – பேட்டி, கொட்டை – கோட்டை, தொடு – தோடு, கொடி – கோடி. படித்துக் காட்டியதும் பொருளையும் கேளுங்கள். தோடு எங்கே இருக்கும் என்றால் ஆயா காதைக் காட்டினால் போதும்.

இரண்டு, உகரம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு வால். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுக் குழப்பாமல் கூட்டமாகப் பிரியுங்கள். கீழே நேராக இறங்குகிற கூட்டம்: சு, பு, யு, வு. வளைந்து சுற்றுகிற கூட்டம்: கு, டு, மு, ரு, ழு, ளு. சுழி போட்டு மேலே ஏறுகிற கூட்டம்: து, நு, ணு, லு, று, னு. வாரம் ஒரு கூட்டம் வீதம் மூன்று வாரம். மணலில் விரலால் எழுதட்டும், நோட்டு அப்புறம்.

ஒரு எச்சரிக்கை. "வீட்டில் இருக்கிறது" என்று அச்சில் இருப்பதை "வூட்ல இருக்குது" என்று படித்தால் அது தப்பில்லை. பொருள் புரிந்து தன் பேச்சுக்கு மாற்றிப் படிக்கிறான், அதாவது படிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுத்துத் திருத்தினால் மறுபடி எழுத்தெழுத்தாகப் பொறுக்க ஆரம்பிப்பான். பொருள் மாறினால் மட்டும் நிறுத்துங்கள். நிறுத்தும்போதும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு நிறுத்துங்கள், பாதி நேரம் அவனே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்வான்.

கணக்கு. 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால் என்ன நடந்தது என்று புரிகிறதா? 7-லிருந்து 2 போனால் 5, 4-லிருந்து 1 போனால் 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கணும் என்று ஒருநாள் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். "கடன் வாங்கு" என்று மறுபடி சொல்லிக்கொடுத்தால் அன்றைக்குச் சரியாகப் போடுவான், அடுத்த ஞாயிறு மறுபடி 35. தென்னை ஈர்க்குச்சி 50 எடுத்துச் சமமாக நறுக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். 42 என்றால் நாலு கட்டு, இரண்டு உதிரி. "இதிலிருந்து 17 எனக்குக் கொடு." ஒரு கட்டு கொடுப்பான், ஏழு உதிரி கேட்டால் கையில் இரண்டுதான் இருக்கும். இந்த இடத்தில் நீங்கள் பேசக் கூடாது. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு அவனே ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றுவான். பன்னிரண்டு உதிரியாகும், ஏழு கொடுப்பான், மிச்சம் இரண்டு கட்டு ஐந்து குச்சி. இதை மூன்று வாரம் குச்சியில் மட்டும் செய்துவிட்டு நாலாவது வாரம் தாளுக்கு வாருங்கள்.

எண்பது, தொண்ணூறு தடுமாற்றமும் இருக்கும். 89-க்குப் பிறகு "எண்பத்துப் பத்து" என்பான், இல்லையென்றால் 90-ஐ "ஒன்பது பத்து" என்பான். 85 முதல் 95 வரை முன்னும் பின்னும் எண்ணுகிற ஆட்டமாக ஆடினால் சரியாகிவிடும்.

விளையாட்டுக்குப் பல்லாங்குழியை மிஞ்ச ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? 14 குழி, குழிக்கு 5, மொத்தம் 70 கொட்டை. தரையில் குழி பறித்தே ஆடலாம். ஆட்டம் முடிந்து யாரிடம் எத்தனை என்று எண்ணுவதே கூட்டல், எத்தனை அதிகம் என்பதே கழித்தல். வேண்டுமென்றே தோற்றுப்போகாதீர்கள், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு மணி நேரத்தைப் பிரித்தால் பேச்சு ஒரு பத்து நிமிடம், படிப்பு பதினைந்து, குச்சிக் கணக்கு பத்து, மிச்சம் ஆட்டம். கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் அவனுக்கு ஒரு கதை படித்துக் காட்டுங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், நாலு நிலையாகப் பிரித்திருப்பார்கள், முதல் நிலையிலிருந்து தொடங்குங்கள். பள்ளி அலமாரியில் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் இருக்கும், "நுழை, நட, ஓடு, பற" என்று நிலை போட்டவை. கட்டுப் பிரிக்காமலே கிடக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

40 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, படித்தது, தடுக்கிய சொற்கள், அவ்வளவுதான். வீட்டு விஷயம் எதையும் அதில் எழுதாதீர்கள், அது பள்ளியில் இருக்கப்போகிற நோட்டு.

மூன்று நாலு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தும் போன வாரம் தெரிந்த எழுத்து இந்த வாரம் மறந்துகொண்டே இருந்தால் "மக்கு" என்று முடிவு கட்டாமல் இரண்டைப் பாருங்கள். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடிக்கிறானா? அப்படியென்றால் பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் கண் பரிசோதனைக்குச் சொல்லுங்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கண்ணாடி இலவசமாகக் கிடைக்கும். பார்வை சரியென்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், தலைமை ஆசிரியர் மூலம் கேளுங்கள்.

தளி_ரோடு:

ஒரு சந்தேகம் கேட்கிறேன், வீட்டில் என்ன பேசுகிறார்கள்? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் இதைக் கேட்காமல் எழுத்துப் படியைப் பார்த்துப் பயனில்லை. தளி, அஞ்செட்டி பக்கம் கன்னடம், வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கம் தெலுங்கு, கிருஷ்ணகிரி டவுனில் உருது, லம்பாடிகள் வாழும் தண்டா என்றால் லம்பாடி மொழி. வெளியே நன்றாகத் தமிழ் பேசுகிற பையன் வீட்டில் வேறு பேசலாம்.

பத்துப் படம் காட்டித் தமிழில் பேர் கேளுங்கள். நாலுக்குமேல் தெரியவில்லையென்றால் படிப்புக்கு முன்னால் பேச்சு. வீட்டு மொழியில் சொன்னால் தடுக்காதீர்கள், வாங்கிக்கொண்டு தமிழைச் சேர்த்துச் சொல்லுங்கள். கன்னடம் பேசுகிற பிள்ளைக்கு ஒரு சுலபமான சாவி இருக்கிறது: அங்கே ஹ என்றால் இங்கே பல இடத்தில் ப. ஹாலு – பால், ஹத்து – பத்து, ஹுலி – புலி, ஹல்லி – பல்லி. இதைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகளே சொற்களைத் தேடி எடுத்து வருவார்கள். தெலுங்குப் பிள்ளையிடம் கவனிக்க வேண்டியது இன்னொரு வகை. "புத்தகத்தை மூடு" என்றால் சின்னதுகள் மூன்றாவது பக்கத்தைத் தேடும், அவர்களுக்கு மூடு என்றால் மூன்று, ஏடு என்றால் ஏழு.

எண்ணுவதை எந்த மொழியில் வேண்டுமானாலும் எண்ணட்டும். மனதுக்குள் தெலுங்கில் எண்ணித் தமிழில் விடை சொல்கிற பிள்ளைக்கு இரண்டு நொடி அதிகம் ஆகும். அதை மந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஓசூர்_பி_ஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி. தளி ரோடு சார், ஆயா தெலுங்கு, பையன் இரண்டும் பேசுவான். இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். வாயை மூடிக்கொள்கிறான் என்றேனே, உண்மையிலேயே கையால் பொத்திக்கொள்கிறான். முன்பல் இரண்டிலும் பழுப்புக் கறை. "பல்லை ஒழுங்கா விளக்கு" என்று வகுப்பில் பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள் போல. நல்ல பேஸ்ட், பிரஷ் வாங்கித் தரலாமா? துணி, பை, சைக்கிள் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. பொருள் வாங்கிக் கொடுப்பது பற்றியும் சொல்லுங்கள்.

கிராம_செவிலி:

தம்பி, பேஸ்ட்டால் போகிற கறை இல்லை அது. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பிள்ளைகளின் முன்பல்லில் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையும் பழுப்பும் என்றால் பெரும்பாலும் ஃப்ளோரைடு. போர் தண்ணீரில் அது அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் அதிகபட்சம் 1.5. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அதற்கு மேல் போனால் எனாமலிலேயே கறை உட்கார்ந்துவிடும். முளைத்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. செங்கல் தூள், சாம்பல் போட்டுத் தேய்க்கிறார்கள், எனாமல்தான் தேய்கிறது.

செய்யக்கூடியது தண்ணீரை மாற்றுவது. 2013-லிருந்து ஓடுகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தப் பிரச்சினைக்காகக் கொண்டுவந்ததுதான். ஆயா வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேளுங்கள். "காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். கடைவாய்ப் பற்கள் சில இன்னும் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற வயதுதான், இப்போது மாற்றினாலும் பயன் உண்டு. கறையை மறைக்க அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டலாம், அவசரமில்லை.

கிண்டலுக்கு: அவனிடம் நேராகப் பல் பேச்சை எடுக்காதீர்கள். சத்தம் போட்டுப் படிப்பதை முதல் மாதம் எதிரே உட்கார்ந்து கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துப் படியுங்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றால் கை தானாக இறங்கும். தண்ணீர்தான் காரணம், விளக்காதது இல்லை என்பதை வகுப்பாசிரியர் மொத்த வகுப்புக்கும் ஒரு பாடமாகச் சொல்லட்டும். அந்த வகுப்பில் இவன் ஒருவனுக்கு மட்டும் கறை இருக்காது.

நலக்குழு_அக்கா:

பொருள் விஷயம் நான் சொல்கிறேன். பணம், போன், சைக்கிள் கூடாது. துணி பண்டிகைக்குக்கூட வேண்டாம். கொடுத்த முதல் நாளே நீங்கள் "சைக்கிள் வாங்கித் தந்த அண்ணன்" ஆகிவிடுவீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏக்கம், ஆயாவுக்குக் கடன்பட்ட மாதிரி கூச்சம். பிறகு உங்களிடம் ஒரு குறை இருந்தாலும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பென்சில், நோட்டு, அவித்த வேர்க்கடலை, அதுவும் சுற்றி நிற்கிற எல்லாருக்கும். பிள்ளைகள் கூடத்தான் செய்வார்கள். முதல் நாற்பது நிமிடம் அவனுக்கு, ஆட்டம் தொடங்கும்போது எல்லாரும் சேரலாம் என்று சொல்லிவிடுங்கள், காத்திருப்பார்கள்.

பாதுகாப்பு இரு பக்கத்துக்கும் வேண்டும், பிள்ளைக்கும் உங்களுக்கும். கதவு மூடிய அறை கிடையாது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு பெரியவர் இருக்கணும். மடியில் உட்கார வைப்பது, தனியாக வீட்டுக்கு அழைப்பது கிடையாது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். குழந்தைகள் இல்லத்தில் இருக்கிற பிள்ளைகள், பராமரிப்பு தேவைப்படுகிற பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 தடை செய்கிறது. இந்தப் பையன் அந்த வகையில் வராவிட்டாலும் அதே ஒழுங்குதான் நல்லது.

இதைக் கவனமாகப் படியுங்கள். பிள்ளை பழகியதும் ஒருநாள் "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்பான். "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு பற்றி ஏதாவது சொன்னால் குறுக்கே கேள்வி போடாமல் கேளுங்கள். "அவனா? இப்படிப் பண்ணானா?" என்று எடுத்துக் கொடுத்தால் பிறகு அவன் சொல்வதெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். வீட்டுக்கு வந்து அவன் சொன்ன சொற்களிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி தெரிந்தவர் எவரும் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் பிரிவு 21-ல் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு வராது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் நீங்களே போய்ச் சட்டையைப் பிடிப்பதும் கூடாது, அன்று இரவு அடி வாங்குவது அந்தப் பிள்ளைதான்.

முடிக்கும்போது: ஏப்ரல் கடைசியில் நிறுத்துவதென்றால் மார்ச் மாதமே சொல்லுங்கள். "இன்னும் நாலு ஞாயிறு" என்று காலண்டரில் அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். "அடிக்கடி வந்து பார்க்கிறேன்" என்று நிச்சயமில்லாமல் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

ஓசூர்_பி_ஷிப்ட்:

தெளிவாகிவிட்டது அக்கா. ஒரே ஒரு கவலை. பொங்கலுக்கு வரும் அப்பா அம்மா பையனைப் பெங்களூருக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆயா சொல்கிறார். அப்படி நடந்தால் பாதியில் படிப்பு என்ன ஆகும்? நான் ஏதாவது செய்ய முடியுமா?

கரும்பலகை:

கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள் தம்பி. பெற்றவர்களோடு இருப்பது அவன் உரிமை, நீங்கள் அதில் தலையிட்டால் அவர்கள் உங்களைப் பகையாகப் பார்ப்பார்கள். கேட்டால் மட்டும் தகவலாகச் சொல்லுங்கள்: அரசு நல விடுதிகளில் நாலாம் வகுப்பிலிருந்து சேர்க்கிறார்கள், வருகிற ஜூனில் இவனுக்கு அந்த வழியும் உண்டு, ஆயாவோடு இருந்து ஏப்ரல் வரை படிப்பை முடிப்பதும் ஒரு வழி.

போவது உறுதியென்றால் கிளம்புவதற்கு முன்னால் மாற்றுச் சான்றிதழ் வாங்க வையுங்கள். பொங்கல் விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், அவர்கள் காணும் பொங்கல் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள், இங்கேதான் வழக்கமாகக் கோட்டை விடுகிறோம். அரையாண்டு விடுமுறை விடுவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். சான்றிதழோடு எமிஸ் எண் (பள்ளிப் பதிவில் பிள்ளைக்குத் தருகிற எண்), ஆதார் நகல், பிறப்புச் சான்று நகல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். சான்றிதழ் கைக்கு வராமல் போய்விட்டாலும் பயமில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5-ன்படி அது தாமதமாகிறது என்ற காரணத்துக்காக வேறு மாநிலப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பிரிவு 4-ன்படி வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், கன்னடம் எழுதத் தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. இந்த இரண்டு பிரிவையும் ஒரு தாளில் எழுதி அதே கவரில் போடுங்கள்.

பெங்களூரில் தமிழ் வழி அரசுப் பள்ளிகள் உண்டு, ஆனால் அவர்கள் வேலை செய்கிற சைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சைட்டுப் பிள்ளைகளுக்கென்று கர்நாடகத்தில் டென்ட் பள்ளிகள் நடத்துகிறார்கள், அந்த வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அப்பா கேட்கட்டும். பள்ளி கிடைக்கும் வரை உதவி வேண்டுமென்றால் 1098, அங்கேயும் அதே எண்தான். நோட்டில் கடைசிப் பக்கத்தில் அவன் இப்போது எந்தப் படியில் இருக்கிறான், எந்த எழுத்தில் தடுக்குகிறான் என்று ஐந்து வரி எழுதி அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே இருக்கிற டீச்சருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், கணக்குப் படியைக் குச்சிப் படம் வரைந்தே காட்டுங்கள்.